மெலியோர்க்கும் ஓர் ஆசான்

தாய்ச்சி என்னும் சீனத் தற்காப்புக் கலையின் ஆசிரியருள் யாங் செங்பூவையே நான் முதல்வராக மதிக்கிறேன். அவர் 1883இல் பிறந்தார். பாட்டனார் யாங் லூசான், ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பத்தாரிடம் அதனைப் பயின்று பெய்ஜிங்கிற்குக் கொணர்ந்தவர். பேரரோ பாய்ச்சலையும் கால் அதிரவைப்பதையும் நீக்கி, அசைவுகளை மெதுவாகவும் ஒரே சீராகவும் அமைத்தார். முதியோரும் நோயாளரும் பயில வழி பிறந்தது. இதனாற் போர்த்திறன் குன்றிற்று என்பாரும் உளர். எனக்கோ, வீரரைப் பயிற்றிய பாட்டனாரினும் மெலியோரை மனங்கொண்ட பேரரே பெரியவராகத் தோன்றுகிறார். 1928இல் ஷாங்காய் சென்று அங்கும் பலரைப் பயிற்றினார். 1934இல் தம் முறையை விளக்கும் நூலும் வெளியாயிற்று. ஈராண்டில் மறைந்தார். அவர் மாணாக்கர் செங் மான்சிங், 1964 முதல் நியூயோர்க்கில் அமெரிக்க இளைஞருக்கு அக்கலையைப் போதித்தார்.