மலிவு எண்ணெயும் முப்பது வீடும்: வில்லியம் லெவிட்டின் வாழ்க்கை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். ஒரு வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் ஒரு குடும்பம் படுகின்ற பாட்டை அறிந்தவர்களின் சொல் அது. அத்தகைய வீடுகளை ஒரே நாளில் முப்பதுக்கு மேல் கட்டி முடித்த ஒருவர் சென்ற நூற்றாண்டில் அமெரிக்காவில் வாழ்ந்தார். அவர் பெயர் வில்லியம் லெவிட். என் தந்தை கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எனவே மன்னர்களின் வரலாற்றையும் கவிஞர்களின் வரலாற்றையும் விட வீடு கட்டியவரின் வரலாறு என்னை ஈர்த்ததில் வியப்பில்லை. அவ்வரலாற்றைப் படிக்கப் படிக்க, அது செங்கல், சிமெண்டுக் கதையோடு நிற்கவில்லை என்பதும், அதன் அடியில் பெட்ரோல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் எனக்கு விளங்கின. அதனையே இங்குச் சொல்ல முற்படுகிறேன்.

இளமை

லெவிட் 1907ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஆபிரகாம் லெவிட் வழக்கறிஞர். மூத்த மகன் வில்லியம் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால் பட்டம் பெறாமலேயே வெளியேறினார். 1929இல் தந்தையும் மக்களும் சேர்ந்து லெவிட் அண்டு சன்ஸ் என்ற வீடு கட்டும் நிறுவனத்தைத் தொடங்கினர். வீட்டின் வரைபடத்தைத் தம்பி ஆல்ஃபிரட் கவனித்தார். பணம், விற்பனை, விளம்பரம் ஆகியவற்றை வில்லியம் கவனித்தார். அந்நாளில் அவர்கள் கட்டியவை வசதி படைத்தோருக்கான வீடுகளே.

இரண்டாம் உலகப் போர் அவர்கள் போக்கை மாற்றியது. வெர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் நகரில் போர்த் தொழிலாளர்களுக்கு நூற்றுக்கணக்கான வீடுகளை விரைந்து கட்டித் தரும் பொறுப்பு அந்நிறுவனத்திற்குக் கிடைத்தது. பழைய முறையில் கட்டினால் காலமும் போதாது, காசும் போதாது. வேலையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கும் கலையை லெவிட் அங்குதான் கற்றார். பின்னர்க் கடற்படையின் கட்டுமானப் பிரிவிலும் பணியாற்றினார்.

உருளைக்கிழங்கு வயலில் ஓர் ஊர்

போர் முடிந்தது. படையில் பணியாற்றிய அமெரிக்கர்கள் ஏறத்தாழ 1.6 கோடிப் பேர். திரும்பி வந்தவர்களுக்குக் குடியிருக்க வீடில்லை. மாமனார் வீட்டின் ஓரறையிலும், படையினர் விட்டுச் சென்ற தகரக் கொட்டகைகளிலும் இளங்குடும்பங்கள் ஒண்டிக் கிடந்தன. படைவீரர்க்கு எளிய தவணையில் வீட்டுக் கடன் கிடைக்க வகைசெய்யும் சட்டத்தை அரசு 1944இலேயே இயற்றியிருந்தது. கடன் இருந்தது, வீடுதான் இல்லை.

அந்த வேளையில்தான் லாங் தீவில், நியூயார்க் மாநகரின் மையத்திலிருந்து 25 மைலுக்கு மேல் தள்ளி, நூற்புழு தாக்கி விளைச்சல் குன்றிய உருளைக்கிழங்கு வயல்களை லெவிட் குடும்பம் வாங்கியது. 1947 அக்டோபரில் முதல் குடும்பங்கள் குடியேறின. 1951க்குள் அங்கு எழுந்த வீடுகள் 17,447. ஊருக்கு லெவிட்டவுன் என்று தம் பெயரையே சூட்டினார்.

இது எவ்வாறு இயன்றது? என் தந்தை போன்ற ஒரு கொத்தனார், கடைக்கால் தோண்டுவது முதல் பூச்சு வேலை வரை பலவும் அறிந்தவர். லெவிட்டுக்கு அத்தகையோர் தேவைப்படவில்லை. கார்த் தொழிற்சாலையில் கார் நகரும். ஆட்கள் நின்ற இடத்தில் நிற்பர். இங்கே வீடு நகராது. ஆகவே ஆட்கள் நகர்ந்தனர். வீடு கட்டும் வேலையை இருபத்தாறு படிகளாகப் பிரித்தார்கள். ஒரு குழு தளம் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போகும்; வேறொரு குழு வந்து சட்டங்களை நிறுத்தும். வெள்ளை வண்ணம் அடிப்பவர் ஒருவர். சிவப்பு வண்ணம் அடிப்பவர் மற்றொருவர். நிலவறை தோண்டும் செலவு வேண்டாமென்று தரையின் மேல் கான்கிரீட் பலகையைப் போட்டு அதன்மேல் வீட்டை நிறுத்தினார்கள். மரத்துக்குக் கலிஃபோர்னியாவில் சொந்த அறுவை ஆலை; ஆணிக்குக்கூடச் சொந்தப் பட்டறை. தொழிற்சங்கத்தில் சேராத ஆட்களையே வேலைக்கு வைத்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் வீடுகள் 750 சதுர அடி. மனை 60 அடிக்கு 100 அடி. நம் கணக்கில் இரண்டரை கிரவுண்டு. 1949இல் ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். படைவீரராயின் முன்பணம் வேண்டாம். மாதம் 58 டாலர் கட்டினால் போதும். அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் யாவும் வீட்டோடு வந்தன. ஆலைத் தொழிலாளியும் எழுத்தரும் தோட்டத்தோடு கூடிய தனி வீட்டுக்கு உரிமையாளரானார்கள். 1950 ஜூலையில் புகழ்மிக்க டைம் வார இதழ் லெவிட்டின் படத்தை அட்டையில் வெளியிட்டது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்ற ஆசை எல்லா நாட்டாருக்கும் பொது. அந்த ஆசையை ஏழைக்கு எட்டும் விலையில் நிறைவேற்றியவர் என்ற பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

விலைப்பட்டியலில் இல்லாத செலவு

ஆனால் அந்த வீட்டின் விலை 7,990 டாலர்தானா? இங்குதான் இயற்பியல் மாணவனாகிய என் கணக்கு தொடங்குகிறது.

லெவிட்டவுனில் வீடு ஓரிடம், வேலை வேறோரிடம். ஊருக்குள் கடைகளும் பள்ளிகளும் நீச்சல் குளங்களும் இருந்தன. ஆனால் ஆலைகளும் அலுவலகங்களும் இல்லை. ரயில் நிலையம்கூடப் பக்கத்து ஊரில்தான். ஆகவே கார் என்பது அங்கு ஆடம்பரமன்று. வீட்டின் மற்றோர் அறை. அதுமட்டுமன்று. அந்த வீடுகளின் கான்கிரீட் தரைக்குள் செம்புக் குழாய்கள் பதிக்கப்பட்டிருந்தன. எண்ணெயில் எரியும் கொதிகலன் சூடாக்கிய நீர் அவற்றில் ஓடிக் குளிர்காலத்தில் வீட்டை வெதுவெதுப்பாக வைத்தது. வேலைக்குப் போக ஓர் எண்ணெய். வீட்டில் தங்க ஓர் எண்ணெய்!

1950இல் அமெரிக்காவில் ஒரு காலன் பெட்ரோலின் சராசரி விலை 27 சென்ட். ஒரு காலனுக்கு 15 மைல் ஓடும் காரில் நாள்தோறும் போக வர 50 மைல் செல்பவருக்குச் சற்றேறக்குறைய 90 சென்ட் செலவு. அது பொறுக்கக்கூடியதே. டெக்சாஸ் மாநிலத்தில் 1930இல் கண்டுபிடிக்கப்பட்ட பெரும் எண்ணெய் வயல் ஊற்றெடுத்துக் கொண்டிருந்தது. 1956இல் 41,000 மைல் நெடுஞ்சாலைகளுக்கான சட்டமும் வந்தது. நெடுஞ்சாலை போடும் பணம் பெட்ரோல் வரியிலிருந்து. பெட்ரோல் விற்பது நெடுஞ்சாலையால். நெடுஞ்சாலையின் ஓரத்தில் மேலும் புறநகர்கள். ஒன்று மற்றொன்றைத் தாங்கி நின்றது.

அதே 1956இல் எம். கிங் ஹப்பர்ட் என்ற புவி இயற்பியலாளர் ஒரு வளைகோட்டை வரைந்து காட்டினார். எண்ணெய் வயலின் விளைவு ஏறும், உச்சியைத் தொடும், பின் இறங்கும். அமெரிக்காவின் உச்சி 1970ஐ ஒட்டி வரும் என்று கணித்தார். பலர் நம்பவில்லை. 1970இல் உற்பத்தி உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கியது.

வேலிக்குள் யார்?

லெவிட்டின் வாழ்வில் இன்னொரு கணக்கும் உண்டு. லெவிட்டவுனின் தொடக்கக் கால ஒப்பந்தங்களில் வெள்ளையர் அல்லாதார் அவ்வீட்டில் குடியிருக்கலாகாது என்ற விதி இருந்தது. இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. விதி மறைந்தாலும் வழக்கம் மறையவில்லை. கறுப்பினத்தவருக்கு விற்றால் வெள்ளையர் வாங்க வரமாட்டார்கள் என்பதே அவர் வாதம். அரசின் கடன் காப்புறுதித் துறையும் அதே போக்கில்தான் நின்றது. ஒதுக்கலின் கொடுமையை அறிந்த யூத இனத்தில் பிறந்தவர் இவ்வாறு செய்தார் என்பது நெஞ்சை உறுத்துகிறது.

பென்சில்வேனியாவில் அவர் கட்டிய இரண்டாம் லெவிட்டவுனில் 1957 ஆகஸ்டில் ஒரு கறுப்பினக் குடும்பம் வேறொருவரிடமிருந்து வீடு வாங்கிக் குடியேறியது. குடும்பத் தலைவரும் போரில் பணியாற்றியவரே. நாள்கணக்கில் கூட்டம் கூடியது. கல்லெறியில் சன்னல் உடைந்தது. ஆயினும் அக்குடும்பம் அசையவில்லை. நியூ ஜெர்சியின் மூன்றாம் லெவிட்டவுனில் நீதிமன்றத்தின் வலியுறுத்தலால் 1960இல்தான் கதவு திறந்தது. எந்தத் தெருவில் யாருக்கு வீடு கிடைக்கும் என்ற கேள்வி எனக்குப் புத்தகத்தில் மட்டும் படித்த கேள்வியன்று. என் தந்தை கட்டிக் கொடுத்த சில தெருக்களில் எங்களுக்கு வாடகைக்கும் வீடு கிடைக்காது. ஆகவே இப்பகுதியை விரைந்து கடந்து செல்ல என் பேனாவுக்கு மனமில்லை. மலிவான வீடும் மலிவான பெட்ரோலும் தந்த வாழ்வை அமெரிக்கக் கனவு என்றனர். அந்தக் கனவு காணவும் நிறம் பார்க்கப்பட்டது.

வீழ்ச்சி

1968இல் லெவிட் தம் நிறுவனத்தை ஐ.டி.டி. என்ற பெருநிறுவனத்துக்கு ஏறத்தாழ 9.2 கோடி டாலருக்கு விற்றார். விலை பணமாக வரவில்லை, பங்குகளாக வந்தது. பத்தாண்டுகளுக்கு அமெரிக்காவில் பெரும்பாலும் வீடு கட்டுவதில்லை என்ற கட்டுப்பாட்டுக்கும் உடன்பட்டார். லாங் தீவில் மாளிகை, தம் மூன்றாம் மனைவியின் பெயர் தாங்கிய பெரிய உல்லாசப் படகு என வாழ்வு செழித்தது. பின் அந்தப் பங்குகளின் விலை சரிந்தது. அவற்றை ஈடு வைத்து வாங்கிய கடன் மட்டும் சரியாமல் நின்றது. ஈரான், நைஜீரியா, வெனிசுலா ஆகிய நாடுகளில் வீட்டுத் திட்டங்களைத் தொடங்கினார். மூன்றுமே எண்ணெய் வளம் மிக்க நாடுகள் என்பதைக் கவனியுங்கள். அவை அவரைக் கரையேற்றவில்லை.

இதற்கிடையே எண்ணெயும் தன் முகத்தை மாற்றிக்கொண்டது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்தன. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. 1979இல் ஈரானில் புரட்சி, மீண்டும் தட்டுப்பாடு. அவ்வாண்டு ஜூன் 23, 24 நாட்களில் பென்சில்வேனியா லெவிட்டவுனின் ஐந்து சாலைகள் கூடும் சந்திப்பில் லாரி ஓட்டுநர்கள் தொடங்கிய போராட்டம் கலவரமாக மாறியது. பெட்ரோல் நிலையங்கள் சூழ்ந்த அச்சந்திப்பில் ஆயிரக்கணக்கானோர் கூடினர், கார்களும் டயர்களும் எரிந்தன, ஏராளமானோர் கைதாயினர். 1973இல் 39 சென்டாக இருந்த ஒரு காலன் பெட்ரோலின் சராசரி விலை 1980இல் 1 டாலர் 19 சென்ட். மும்மடங்கு! கூலி அந்த வேகத்தில் உயரவில்லை. வீட்டையும் நகர்த்த முடியாது. வேலையிடத்தையும் நகர்த்த முடியாது. அவ்வூர் மக்களின் கோபம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும்.

லெவிட்டின் கடைசிக் காலம் இரங்கத்தக்கது. குடும்ப அறக்கட்டளையின் பணத்தை முறைகேடாக எடுத்துக்கொண்டார் என்று நியூயார்க் மாநில அரசு அவர்மீது நடவடிக்கை எடுத்தது. மாளிகையும் படகும் கைவிட்டுப் போயின. 1994ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், தாம் வாழ்ந்த காலத்தில் பொருளுதவி செய்திருந்த மருத்துவமனையிலேயே சிறுநீரக நோயால் உயிர் நீத்தார். அப்போது அகவை எண்பத்தாறு.

நாம் கொள்ளத்தக்கது

லெவிட்டைத் தீயவர் என்று தள்ளிவிடலாகாது; மேதை என்று கொண்டாடி முடிப்பதும் பொருந்தாது. வீடில்லாதவர்க்கு வீடு தந்தார், அது உண்மை. அந்த வீட்டை என்றும் மலிவாக இருக்கும் எண்ணெயை நம்பி நிறுத்தினார், அதுவும் உண்மை. எண்ணெய் தீர்ந்துபோய் அந்த ஊர்கள் பாழாகிவிடவில்லை. பாறைகளை உடைத்து எண்ணெய் எடுக்கும் முறையால் அமெரிக்காவின் உற்பத்தி 2018இல் 1970இன் உச்சியையே கடந்தது. ஆனால் 2008 ஜூலையில் ஒரு பீப்பாய் 147 டாலர் வரை ஏறியதையும் உலகம் கண்டது. எண்ணெய் இருக்கிறதா என்பதைவிட, அதன் விலை ஏறும் நாளில் நடந்து போகவும் பேருந்தில் போகவும் நமக்கு வழி இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. மின்சாரக் கார் வந்தாலும் 25 மைல் 25 மைல்தான்.

நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. என் தந்தை இப்போது வேலை செய்யும் இடம் நகருக்கு வெளியே புதிதாகக் கல் நட்ட ஒரு மனைப்பிரிவு. அங்குப் பேருந்து வருவதில்லை; வீடு கட்டுவோர் அனைவரும் இருசக்கர வண்டியை நம்பியே கட்டுகிறார்கள். தோழர்களே, நம்மில் பலர் பட்டம் பெற்று, வேலை தேடி, முதல் சம்பளத்தைச் சேர்த்து, நம் குடும்பத்தின் முதல் சொந்த மனையை வாங்கப் போகிறவர்கள். பத்திரத்தில் எழுதியிருக்கும் விலையோடு, அந்த மனையிலிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உள்ள தூரத்தையும் எழுதி, அதற்கான எண்ணெய்ச் செலவை இருபதாண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். அதன்பின் அந்த மனை மலிவா, விலை அதிகமா என்று முடிவு செய்யுங்கள்.