வெள்ளந் தடுத்த வித்தகர்

கல்வராயன் மலைமீது பெய்யும் மழை, கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் கீழிறங்கி, கள்ளக்குறிச்சிப் பகுதியின் வயல்களை வளப்படுத்தி, வெள்ளாற்றோடு கலக்கின்றது. உயிர் வளர்க்கும் அந்நீரே அளவு மீறுமாயின் உயிர் கவரும் கூற்றமாகும். 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெஞ்சல் புயல் கொணர்ந்த பெருமழையால் தென்பெண்ணை கரைபுரண்டு, திருக்கோவலூரையும் சுற்றியுள்ள ஊர்களையும் அல்லற்படுத்தியது. இத்தகைய துன்பத்தை விதியென்று விட்டுவிடாது, காரணம் ஆராய்ந்து காப்பு வகுத்த பேரறிஞர் ஒருவர் இருந்தார். அவரே மோட்சகுண்டம் விசுவேசுவரையா.

அவர் 1861ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள், மைசூர் நாட்டு முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமை வாட்டியபோதும் கல்வியைக் கைவிட்டாரல்லர். சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்து, அவ்வருவாயைக் கொண்டு பெங்களூர்க் கல்லூரியிற் பயின்றார். பின்னர்ப் புனாவில் பொறியியல் கற்றுத் தேறி, பம்பாய் மாகாணத்துப் பொதுப்பணித் துறையில் அமர்ந்தார். நீர் குறித்த மட்டத்தைக் கடந்ததும் தாமே திறந்து, தணிந்ததும் தாமே மூடிக்கொள்ளும் மதகுக் கதவுகளை அமைத்தார். அவை 1903ஆம் ஆண்டு புனாவை அடுத்த கடக்வாசலா நீர்த்தேக்கத்தில் பொருத்தப்பெற்றன.

1908ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28ஆம் நாள் ஐதராபாத்து நகரில் மூசியாறு பொங்கியெழுந்தது. வீடுகள் சரிந்தன, பாலங்கள் உடைந்தன, ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். ஆற்றங்கரையிலிருந்த மருத்துவமனை வளாகத்துப் புளியமரத்தில் ஏறிய 150 பேரளவில் உயிர் பிழைத்தனர் என்பர். அந்நாளில் பணி ஓய்வு பெற்று அயல்நாடுகளிற் பயணஞ் செய்துகொண்டிருந்த விசுவேசுவரையாவை நிசாம் அரசு அழைத்தது. 1909ஆம் ஆண்டு அவர் அங்குச் சென்று பணியை மேற்கொண்டார்.

அவர் ஆற்றை மட்டும் நோக்கினாரல்லர். ஆற்றுக்கு நீர் வரும் வழி முழுவதையும் ஆராய்ந்தார். அப்படுகையிலிருந்த 788 ஏரிகளுள் 221 ஏரிகள் உடைந்தமை தெரிந்தது. மேலேரி உடைய, அதன் நீர் கீழேரியை உடைக்க, இவ்வாறே பெருகிய வெள்ளம் நகரைச் சூறையாடிற்று. ஆகவே நகருக்கு மேற்புறத்தே வெள்ளத்தைத் தேக்கிச் சிறிது சிறிதாக விடும் நீர்த்தேக்கங்களை அமைக்குமாறு கூறினார். அவ்வாறு எழுந்தனவே, 1920இல் முடிந்த உசுமான் சாகரும் 1927இல் முடிந்த இமாயத் சாகரும். அழிக்க வந்த நீர் நகருக்குக் குடிநீராயிற்று.

1912 முதல் 1918 வரை அவர் மைசூர்த் திவானாக விளங்கினார். 1955இல் பாரத ரத்தினா விருது பெற்றார். நூறாண்டு கடந்து வாழ்ந்து 1962இல் மறைந்தார். அவர் பிறந்த நாள் பொறியாளர் நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது.

மாணவர்களே! அணை கட்டுதல் அரசின் கடமை. ஆயினும் இல்லந்தோறும் ஆற்ற வேண்டிய கடமையும் உண்டு. ஏரிக்கரையைச் சிதைத்தலும், வரத்துக்காலை அடைத்தலும், கலிங்கை மறித்தலும் தீங்காகும். மழைக்காலம் தொடங்குமுன் மேட்டிடம் எதுவென அறிந்துகொள்ளுங்கள். முதன்மையான பத்திரங்களை நீர் புகாத உறையிலிட்டு உயரத்தில் வைத்திடுங்கள். உலர்ந்த உணவும் குடிநீரும் மருந்தும் கைவிளக்கும் ஒருங்கே இருக்கட்டும். அணை திறக்கும் அறிவிப்பு வந்ததும் கால்நடைகளை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குச் செல்லுங்கள். வெள்ளத்தை வேடிக்கை பார்க்கக் கரையில் நில்லாதீர்கள். வருமுன் காப்பதே அப்பெரியார் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.