தெளிவும் மங்கலும்

புகைப்படத்தில் எல்லாமே கூர்மையாகத் தெரிய வேண்டும் என்று எண்ணுவோர் பலர். எதைத் தெளிவாகக் காட்டுவது, எதை மங்க விடுவது என்று தேர்ந்தெடுப்பதே கலை என உணர்த்தியவர் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார்.

1815-இல் கல்கத்தாவில் பிறந்த இவர், 1848-இல் கணவருடன் இங்கிலாந்து சென்று குடியேறினார். 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தபோது அவருக்கு வயது 48. நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று. கோழிக்கூடு படம் எடுக்கும் கூடமாயிற்று.

அந்நாளில் இரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டை ஈரம் காய்வதற்குள் பயன்படுத்த வேண்டும். லென்ஸின் துவாரம் அகலமாக இருந்தால், குறித்த ஒரு தூரத்தில் உள்ளது மட்டுமே தெளிவாக விழும். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை மங்கிவிடும். மற்றவர்கள் குறையென்று கருதிய இம்மங்கலை அம்மையார் துணையாக்கிக் கொண்டார். கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே லென்ஸை நிறுத்தினார். மேலும் கூர்மைக்காகத் திருகவில்லை.

தொழில் தெரியாதவர் என்று புகைப்பட இதழ்கள் ஏளனம் செய்தன. அவரோ கலங்கவில்லை. 1865-இலேயே லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை வாங்கியது. 1867-இல் அவர் எடுத்த வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷலின் படத்தில் உடை இருளில் கரைகிறது. முதிர்ந்த முகமும் நரைமுடியும் ஒளிர்கின்றன. அறிஞரின் சிந்தனையே நம்மைப் பார்ப்பது போலிருக்கிறது.

1875-இல் கணவருடன் இலங்கை சென்றவர், 1879-இல் அங்கேயே மறைந்தார், பொகவந்தலாவையில் துயில்கிறார்.

நண்பர்களே, காமிராவைக் கண்ணருகே கொண்டு போகுமுன் நாமும் ஒரு கணம் நின்று கேட்போம்: இதில் எது முக்கியம்?