இரு நாடுகளில் நிலைத்த பெயர்

பொன்முடி மலையின் 22 கொண்டையூசி வளைவுகளையும் கடந்து, விதுரா, நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம் வந்து சேரும் நம் அன்பர்கள், வெள்ளையம்பலத்திலுள்ள பெரிய உள்விளையாட்டரங்கைப் பலமுறை கண்டிருப்பர். அதற்குச் சூட்டப்பெற்றுள்ள ஜிம்மி ஜார்ஜ் என்னும் பெயர் அமைச்சர் ஒருவருடையதன்று, பெருஞ்செல்வர் ஒருவருடையதுமன்று. வாலிபால் என்று நாம் வழங்கும் கைப்பந்தாட்டத்தையே தொழிலாகவும் உயிராகவும் கொண்டு, 32 வயதிலேயே மறைந்த ஓர் இளைஞருடையது. பிழைப்பு நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்துள்ள நாம் அவர் வரலாற்றை அறிந்துகொள்வது நன்று.

ஜிம்மி ஜார்ஜ் 1955ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் கண்ணூர் மாவட்டத்துப் பேராவூரில் பிறந்தார். தந்தையே அவருக்கு முதல் ஆசான். உடன்பிறந்த ஆண்மக்களோடு சேர்த்து எண்மர், எண்மரும் கைப்பந்தாடினர். ஓர் அணிக்கு அறுவர் போதும். அவ்வீட்டிலோ அதற்கு மேலும் இருவர் இருந்தனர்! கோழிக்கோடு பல்கலைக்கழக அணியில் ஆடிய ஜிம்மி, 16 வயதிலேயே கேரள மாநில அணியில் இடம்பெற்றார்.

ஆடவர் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.43 மீட்டர். அதற்கு மேல் எழும்பி, கணநேரம் வானிலேயே தங்கியவர் போன்று நின்று, எதிரணியினர் கைகளைத் தாழ்த்தும் வேளை பார்த்துப் பந்தை அறைவது அவர்தம் தனித்திறன். அவரது துள்ளலைக் காணவே மக்கள் திரண்டனர்.

மருத்துவம் பயிலும் வாய்ப்பைப் பெற்றிருந்தும் அதனைத் துறந்து, 1976இல் கேரளக் காவல்துறையில் சேர்ந்தார். அந்நாளில் நம் நாட்டில் பந்தாடிப் பொருளீட்ட வழியில்லை. காவல்துறை, இரயில்வே, வங்கி முதலிய நிறுவனங்கள் வேலை தந்து ஆதரித்தாலன்றி விளையாட்டு வீரர்க்கு உணவில்லை. இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் யான், காலையில் மைதானத்திலும் பகலில் கோப்புகளிடையேயும் காலங்கழிக்கும் வீரர் பலரைக் கண்டதுண்டு. மருத்துவர் என்னும் மதிப்பான வாழ்வை விட்டு, உடல் தளர்ந்தால் முடிந்துவிடும் ஆட்டத்தை ஒருவர் தேர்ந்துகொள்வது எத்துணைத் துணிவு என்பதைப் பெற்றோராயுள்ளோர் உணர்வர்.

அத்துணிவு வீண்போகவில்லை. அவ்வாண்டுக்கான அர்ஜுனா விருதை 21 வயதிலேயே பெற்றார். 1974இல் தெகரானிலும், 1978இல் பாங்காக்கிலும், 1986இல் சியோலிலும் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடினார். சியோலில் நம் அணி வெண்கலப் பதக்கம் வென்றது. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி வென்ற பின்னர், 24 ஆண்டுகள் கழித்து இந்தியக் கைப்பந்தாட்டத்துக்குக் கிடைத்த ஆசியப் பதக்கம் அது.

1979இல் அபுதாபி விளையாட்டுக் கழகத்துக்கு ஆடச் சென்றார். 1982இல் அங்கிருந்து இத்தாலி நாட்டை அடைந்தார். கைப்பந்தாட்டத்தில் ஊதியம் பெற்றுத் தொழில்முறையில் ஆடிய முதல் இந்தியர் அவரே என்பர். மொழியும் உணவும் குளிரும் புதியவை. ஆயினும் அந்நாட்டு மக்கள் அவரைத் தம்முள் ஒருவராகவே ஏற்றனர்.

1987ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இத்தாலியில் நிகழ்ந்த கார் விபத்தில் அவ்வாழ்வு முடிந்தது. சியோலில் பதக்கம் பெற்று ஓராண்டே கழிந்திருந்தது.

அவர் மறைந்தபின், மொந்திக்கியாரி என்னும் இத்தாலிய ஊர் தன் விளையாட்டரங்குக்கு ஜார்ஜ் பெயரையே சூட்டியது. வட அமெரிக்காவில் வாழும் கேரளத்தவர் அவர் நினைவாகக் கைப்பந்துப் போட்டி நடத்தி வருகின்றனர். அவர் குடும்பத்தின் புகழும் குன்றவில்லை. இளைய சகோதரர் பாபி ஜார்ஜிடம் பயிற்சி பெற்று அவரையே மணந்த அஞ்சு, 2003இல் பாரிசு உலகத் தடகளப் போட்டியில் நீளந்தாண்டி வெண்கலம் வென்றார்.

பிறந்த நாட்டில் ஓர் அரங்கு, பிழைக்கச் சென்ற நாட்டில் ஓர் அரங்கு என இரண்டிலும் ஒருவர் பெயர் நிலைப்பது அரிது. அயலூரில் வாழ்வோர் அவ்வூரின் அன்பைப் பெறுவது அங்குச் செய்யும் பணியின் நேர்மையாலேயே. நம் பிள்ளைகளுக்கு அவ்வரங்கைக் காட்டும்போது, இவ்வரலாற்றையும் சொல்லுவோமாக.