தாமிரபரணிக் கரையில் 1532-ல் நடந்த போர்... கோபுரத்துக்குள் ஓவியமாக இருக்கும் கதை! யார் இந்த அச்சுதராயர்?

நெல்லை மாவட்டம் வீரவநல்லூர் அருகே, தாமிரபரணியும் கடனா நதியும் சேரும் இடத்தில் இருக்கிறது திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில். அதன் ஐந்து நிலை ராஜகோபுரம் வெளியே இருந்து பார்க்க வழக்கமான கோபுரம்தான். ஆனா உள்ளே போனால் சுவர் முழுக்க ஓவியங்கள், தூண்களிலும் உத்திரங்களிலும் மரச் சிற்பங்கள்.

புராணக் கதைகளுக்கு நடுவே, யானை, குதிரை, காலாட்படை என மோதிக்கொள்ளும் ஒரு போர்க் காட்சியும் அங்கே இருக்கிறது. இது 1532-ல் விஜயநகரப் படைக்கும் திருவிதாங்கூர் படைக்கும் தாமிரபரணிக் கரையில் நடந்த போர் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அந்தப் போருக்கு உத்தரவிட்டவர் அச்சுத தேவராயர்.

யார் இவர்?

கிருஷ்ணதேவராயரை எல்லோருக்கும் தெரியும். அவருடைய மாற்றாந்தாய்த் தம்பிதான் அச்சுதராயர். 1529-ல் அண்ணன் இறந்தபோது அரியணை சும்மா கிடைத்துவிடவில்லை. கிருஷ்ணதேவராயரின் கைக்குழந்தையை அரியணையில் உட்கார வைத்து, ஆட்சியைத் தன் கையில் வைத்துக்கொள்ள நினைத்தார் மருமகன் ராமராயர்.

அப்போது அச்சுதராயர் பக்கம் நின்று அரியணையைக் காப்பாற்றிக் கொடுத்தவர், சோழ நாட்டுப் பகுதியை நிர்வகித்த செல்லப்பா என்கிற சாளுவ நாயக்கர். திருப்பதி, காளஹஸ்தி, விஜயநகரம் என மூன்று இடங்களில் அச்சுதராயருக்கு முடிசூட்டு விழா நடந்தது.

போர் ஏன் வந்தது?

இங்கேதான் ட்விஸ்ட். பிரச்சினையைத் தவிர்க்க ராமராயருக்கும் ஆட்சியில் பங்கு கொடுத்தார் அச்சுதராயர். இது செல்லப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அரியணை வாங்கிக் கொடுத்தவரே கலகத்தில் இறங்கினார். தும்பிச்சி நாயக்கரும் அவரோடு சேர்ந்துகொண்டார்.

தோற்றுப்போன செல்லப்பா, திருவிதாங்கூர் மன்னரிடம் அடைக்கலம் தேடினார். அந்த மன்னரோ ஏற்கெனவே தென்பாண்டி நாட்டின் சில பகுதிகளைப் பிடித்து வைத்திருந்தார். தென்காசிப் பாண்டியர் விஜயநகரத்திடம் உதவி கேட்டார். படை தெற்கே கிளம்பியது.

களத்தில் நின்றது யார்?

அச்சுதராயர் ஸ்ரீரங்கத்திலேயே தங்கிவிட்டார். நெல்லைச் சீமைக்குப் படையைக் கூட்டிவந்தவர் அவருடைய மைத்துனர், சலகராஜு குடும்பத்தைச் சேர்ந்தவர். வெற்றி விஜயநகரத்துக்கு. திருவிதாங்கூர் மன்னர் பணிந்து கப்பம் கட்டினார். பாண்டியருக்கு நிலம் திரும்பக் கிடைத்தது. பாண்டியரின் மகளை அச்சுதராயர் மணந்துகொண்டதையும், தாமிரபரணிக் கரையில் வெற்றித் தூண் நாட்டப்பட்டதையும் காஞ்சிபுரம் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது.

பலவீனமான மன்னரா?

அவர் காலத்தில் விஜயநகரத்தில் இருந்த போர்ச்சுகீசிய குதிரை வியாபாரி நூனிஸ், அச்சுதராயரைப் பற்றி நல்லபடியாக எழுதவில்லை. அந்தப் பெயரே ரொம்ப காலம் நிலைத்தது. ஆனா பிஜாப்பூர் பிடித்துக்கொண்ட ராய்ச்சூரை மீட்டது, ஒடிசாவின் கஜபதி படையைத் தடுத்தது எல்லாம் இவர் ஆட்சியில் நடந்தவைதான். ஹம்பியில் இன்றும் ஒரு பெரிய கோயில் இவர் பெயரால் அச்சுதராயர் கோயில் என்றே அழைக்கப்படுகிறது.

உண்மையான சிக்கல் வீட்டுக்குள் இருந்தது. ஒரு பக்கம் ராமராயர், இன்னொரு பக்கம் மைத்துனர்களான சலகராஜு சகோதரர்கள். 1542-ல் அச்சுதராயர் இறந்ததும் சின்னப் பையனான மகன் வேங்கடன் அரியணை ஏறினான். தாமிரபரணியில் வெற்றி தேடித்தந்த அதே சலகராஜு குடும்பத்தைச் சேர்ந்த தாய்மாமன் திருமலை, அவனைக் கொன்று ஆட்சியைப் பிடித்தார். பிறகு அவரை வீழ்த்திய ராமராயர், சதாசிவராயரைப் பெயரளவுக்கு மன்னராக்கிவிட்டுத் தானே ஆண்டார். அந்த ராமராயர் 1565 தலைக்கோட்டைப் போரில் கொல்லப்பட்டார்.

ஓவியம் ஏன் முக்கியம்?

கல்வெட்டு யார் ஜெயித்தார்கள் என்று சொல்லும். படை எப்படி அணிவகுத்தது, வீரர்கள் என்ன உடுத்தினார்கள், என்ன ஆயுதம் ஏந்தினார்கள் என்பதைக் காட்ட ஓவியம்தான் வேண்டும். கப்பலில் குதிரைகள் வரும் காட்சியும் இந்தக் கோபுரத்துக்குள் தீட்டப்பட்டிருக்கிறது. விஜயநகரப் படை கடல்வழி வந்த குதிரைகளை நம்பியிருந்த காலம் அது.

ஒரு ஒப்பீடு. 1780-ல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயரை வென்ற போர், ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டப்பட்டது. அந்தச் சுவரோவியம் சேதமாகி, பிற்பாடு மீண்டும் தீட்டப்பட்டது. அதே காட்சியைக் கையால் தாளில் வரைந்த பழைய பிரதிகளும் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. அதில் ஒன்று 2022-ல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்கு விலைபோனது. நம்ம ஊர் மதிப்பில் 6 கோடி ரூபாய்க்கு மேல்.

ஒரு பிரதிக்கே இந்த மதிப்பு. திருப்புடைமருதூரில் இருப்பதோ மூல ஓவியம். அந்தப் பழைய சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தால், நெல்லை மண்ணில் நடந்த ஒரு போரின் காட்சியும் அதோடு உதிர்ந்துவிடும்.