47 அறுவடைகள் கண்ட துறவி



ஒவ்வொரு திருப்பலியிலும் குருவானவர் கிண்ணத்தைக் கையில் ஏந்தும்போது, இறைவன் தந்த விளைச்சலும் மனிதர் செய்த வேலையும் ஒன்றாகக் கலந்த திராட்சை இரசத்தையே ஒப்புக்கொடுக்கிறார். அதில் இறைவன் தந்தது எவ்வளவு, மனிதர் செய்தது எவ்வளவு என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு துறவி தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தக் கணக்கோடுதான் கழித்தார். பிரான்சு நாட்டின் பெனடிக்ட் சபைத் துறவி பியர் பெரினியோன்தான் அவர். துறவிகளுக்குரிய மரியாதைப் பெயரைச் சேர்த்து, உலகம் அவரை டோம் பெரினியோன் என்று அறிந்திருக்கிறது.

1638ஆம் ஆண்டு ஷாம்பெயின் பகுதியில் செயின்ட் மெனு என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். இயேசு சபையினரிடம் கல்வி கற்ற பின், வெர்துன் நகரிலிருந்த பெனடிக்ட் சபை மடத்தில் சேர்ந்தார். 1668இல், மார்ன் ஆற்றங்கரைக் குன்றின்மேல் இருந்த ஒவிலியே மடத்துக்கு அனுப்பப்பட்டார். ஏழாம் நூற்றாண்டில் ரேம்ஸ் நகர ஆயர் புனித நிவார் நிறுவிய பழமையான மடம் அது. மதப் போர்களின் காலத்தில் எரிந்து சேதமடைந்து, மெல்ல மெல்லத் தலைநிமிர்ந்து வந்தது. அங்கே அவருக்குக் கிடைத்த பணி பண்டசாலைப் பொறுப்பாளர். உணவு, வரவு செலவு, நிலம், திராட்சைத் தோட்டம், இரசம் எல்லாம் அவர் கையில்.

நம்மில் பலர் இதை ஆன்மீகத்தோடு தொடர்பில்லாத வேலை என்று நினைக்கக்கூடும். ஆனால் புனித பெனடிக்ட் தம் சபை ஒழுங்கில் இப்பணிக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கியுள்ளார். மடத்தின் கருவிகளையும் உடைமைகளையும் பீடத்தின் திருப்பாத்திரங்களைப் போலவே மதிக்க வேண்டும் என்று அதில் அறிவுறுத்துகிறார். அப்படியானால் மண்வெட்டியும் கத்தரிக்கும் கத்தியும் புனிதமான பொருள்களே.

பெரினியோனின் பணி எவ்வளவு கடினமானது என்பதை அறிய, அந்த ஊரின் பருவங்களை அறிய வேண்டும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடிகள் குளிர்கால உறக்கம் இன்றி ஆண்டு முழுவதும் அறுவடை தருகின்றன. ஷாம்பெயினில் ஆண்டுக்கு ஒரே அறுவடைதான். குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும். வசந்தத்தில் துளிர்க்கும் இளந்தளிரை ஓர் இரவு உறைபனி கருக்கிவிடலாம். ஜூன் மாதம் பூக்கும்போது மழை பெய்தால் பிஞ்சு பிடிக்காது. பூத்து ஏறத்தாழ 100 நாள்களில் பழம் பறிப்புக்கு வரும். அந்த நாள்களில் வெயில் போதாவிட்டால் இனிப்பு ஏறாமல் புளிப்பே மிஞ்சும். கடைசி வாரங்களில் மழை நின்று பெய்தால் பழம் அழுகும். ஆக, அந்த ஆண்டின் பனியும் வெயிலும் மழையும் அந்த ஆண்டின் இரசத்தில் அப்படியே பதிந்துவிடும்.

அதிலும் பெரினியோன் வாழ்ந்தது ஐரோப்பா வழக்கத்தைவிடக் குளிர்ந்து கிடந்த காலம். 1693, 1694ஆம் ஆண்டுகளில் விளைச்சல் பொய்த்து, பிரான்சில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பஞ்சத்திலும் நோயிலும் மாண்டனர். 1709ஆம் ஆண்டின் கொடும் குளிரில் ஆறுகள் உறைந்தன. நாட்டின் பல பகுதிகளில் திராட்சைக் கொடிகளே பட்டுப்போயின. அப்போது அவருக்கு வயது 70.

வானிலையை அவரால் மாற்ற முடியாது. தம் கையில் இருந்ததை மட்டும் கவனமாகச் செய்தார். அவருடைய முறைகளைப் பற்றி அடுத்து வந்த காலத்தின் எழுத்துகள் நமக்குச் சொல்வது இதுதான்: கொடிகளைக் கடுமையாகக் கத்தரித்து, குறைவான, ஆனால் தரமான பழம் வரச் செய்தனர். வெயில் ஏறுமுன், காலைக் குளிரிலேயே பறித்தனர். நசுங்கிய பழத்தையும் அழுகிய பழத்தையும் ஒதுக்கினர். கருப்புத் திராட்சையை மிதிக்காமல் விரைவாகப் பிழிந்து, தோலின் நிறம் ஏறாத தெளிந்த இரசம் எடுத்தனர்.

அவருடைய தனித்திறமை பழங்களைச் சேர்ப்பதில் இருந்தது. மடத்தின் சொந்தத் தோட்டங்களிலிருந்தும், சுற்றுக் கிராமங்கள் காணிக்கையாகச் செலுத்திய பங்கிலிருந்தும் பலவகைப் பழங்கள் வந்து சேரும். ஒரு சரிவில் வெயில் நன்றாக விழுந்திருக்கும். இன்னொரு சரிவில் பழம் புளித்திருக்கும். எதை எதோடு சேர்த்தால் குறை நிறைவாகும் என்று சுவைத்தறிந்து, பிழிவதற்கு முன்பே சேர்த்தார். தனித்து நின்றால் தேறாத பழமும் மற்றவற்றோடு சேர்ந்து நல்ல இரசமாயிற்று. நம் பங்குச் சமூகங்களும், அன்பியங்களும் இப்படித்தான் அல்லவா?

இங்கே ஒரு வியப்பான செய்தி. நுரை பொங்கும் ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் இவரே என்று பலரும் நம்புகின்றனர். அது உண்மையன்று. குளிர்காலத்தில் நொதித்தல் பாதியில் நின்று, வசந்தத்தின் வெப்பத்தில் மீண்டும் தொடங்குவதால் அந்த நுரை தானாகவே உண்டாகிறது. இரசத்தைச் சர்க்கரை சேர்த்து நுரைக்கச் செய்யும் வழக்கத்தை இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் மெரெட் 1662இலேயே பதிவு செய்துவிட்டார். பெரினியோனுக்கோ நுரை ஒரு குறைபாடு. அதனால் குப்பிகள் வெடித்தன, உழைப்பு வீணாயிற்று. நுரை வராத நல்ல இரசம் தரவே அவர் பாடுபட்டார். அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்குப் பின், 1821இல், பிரெஞ்சுப் புரட்சியால் மூடப்பட்ட அதே மடத்தின் முன்னாள் துறவி ஒருவர் எழுதிய கடிதமே அந்தக் கதையைப் பரப்பியது. 1936ஆம் ஆண்டு அவர் பெயரில் விலையுயர்ந்த ஷாம்பெயின் விற்பனைக்கு வந்தது. பருவம் நன்கு அமைந்த ஆண்டுகளின் பழத்திலிருந்து மட்டுமே அது தயாராகிறது.

ஆனால் பெரினியோனுக்கு நல்ல ஆண்டுகளை மட்டும் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இருந்ததில்லை. உறைபனி ஆண்டையும், மழை ஆண்டையும், பஞ்ச ஆண்டையும் அவர் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் மடத்தாருக்கு உணவும், பீடத்துக்கு இரசமும் வேண்டும். இப்படி 47 அறுவடைகளைக் கண்டு, 1715ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தார். 1638இல் பிறந்த மன்னர் பதினான்காம் லூயியும் அதே மாதத்தில்தான் மறைந்தார். மடத்தின் ஆலயத்திலேயே பெரினியோன் அடக்கம் செய்யப்பட்டார். அக்கல்லறையை இன்றும் அங்கே காணலாம்.

அன்பார்ந்தவர்களே, மது நம் குடும்பங்கள் பலவற்றைச் சீரழிப்பதை நாம் அறிவோம். ஆகவே ஒரு பானத்தின் பெருமையைப் பேசுவது நம் நோக்கமன்று. கொடியையும் கிளைகளையும் பற்றி ஆண்டவர் யோவான் நற்செய்தியில் பேசும்போது, கனி தரும் கிளையும் கத்தரிக்கப்படும் என்கிறார். இத்துறவி தம் கையால் நாள்தோறும் செய்தது அதைத்தான்.

நம் வாழ்விலும் எல்லா ஆண்டுகளும் ஒன்றுபோல் அமைவதில்லை. பிள்ளையின் படிப்பு, வேலை, உடல்நலம் எல்லாம் கைகூடும் ஆண்டு உண்டு. நோயும் கடனும் இழப்பும் வரும் ஆண்டும் உண்டு. வருவதைத் தடுக்க நம்மால் இயலாது. வந்ததில் கெட்டதை ஒதுக்கி, நல்லதை அடுத்தவரோடு சேர்க்க நம்மால் இயலும். அடுத்த முறை கிண்ணம் உயர்த்தப்படும்போது, இந்த ஆண்டு நமக்குத் தந்த இனிப்பையும் புளிப்பையும் அதில் சேர்த்து ஒப்புக்கொடுப்போம்.