இரும்புப் பித்தர் ஜான் வில்கின்ஸன்

நீராவி யந்திரம் என்றவுடன் நம் நாவில் எழும் பெயர் ஜேம்ஸ் வாட் என்பதே. அவ்வியந்திரம் ஏட்டிலிருந்து இறங்கித் தொழிற்களத்தில் ஓடுவதற்குக் காரணமாயிருந்த மற்றொருவரை நம்மவருள் நினைப்பார் மிகச் சிலர். இரும்பின்மீது அவர் கொண்ட மையலைக் கண்டு ஆங்கில நாட்டார் இரும்புப் பித்தர் என்றழைத்த ஜான் வில்கின்ஸனே அவர்.

அவர் வரலாற்றை நாம் எழுதப் புகுந்ததற்கு எம்மூராகிய தேசூரின் தறியும் ஒரு காரணமாகும். நெய்த துணியைச் சுற்றும் படமரம் வட்டந் தவறினால் பாவின் இழுப்பு ஒருபடித்தாய் நில்லாதென்பதை நெசவாளர் அறிவர். படமரத்திற்கு வெளிப்புறம் வட்டமாயிருந்தாற் போதும். யந்திரத்தின் சிலிண்டருக்கோ உட்புறம் வட்டமாயிருத்தல் வேண்டும். வெளிப்புறத்தைக் கடைவது தச்சனுக்கும் இயலும். உட்புறத்தைக் கடைவதில்தான் ஒரு நூற்றாண்டே தடுமாறிற்று.

வில்கின்ஸன் 1728ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடபகுதியான கம்பர்லந்தில், இரும்பு வார்ப்புத் தொழில் செய்த ஐசக் என்பாருக்கு மகனாய்ப் பிறந்தார். கெண்டல் நகரிற் கல்வி பயின்றார். பிராணவாயுவை ஆராய்ந்தவரும் சமய போதகருமாகிய ஜோசப் பிரீஸ்ட்லி, 1762இல் இவர் தங்கையை மணந்தார். மைத்துனரின் பக்தியில் ஒரு சிறு பங்கும் வில்கின்ஸனிடம் ஒட்டியதாய்த் தெரியவில்லை. உலையே அவருக்குக் கோயிலாயிற்று.

இஃதிவ்வாறாக, வாட் 1769இல் தம் யந்திரத்திற்கு உரிமைச் சாசனம் பெற்றும் அதனைச் செவ்வனே ஓட்ட இயலாது வருந்திக்கொண்டிருந்தார். அதற்கு முந்திய நியூகமன் யந்திரத்தில் பிஸ்டனின்மேல் நீரைத் தேக்கி, அந்நீராலேயே இடுக்கை அடைத்து வந்தனர். சிலிண்டர் கோணலாயிருந்தும் அக்குறை பெரிதாய்த் தோன்றவில்லை. வாட்டின் முறையிலோ சிலிண்டர் எப்பொழுதும் சூடாகவே இருத்தல் வேண்டும். நீரை ஊற்றினால் அது குளிர்ந்து, அவர் கண்டுபிடித்த பயனே அழிந்துபோம். ஆகவே தக்கை, எண்ணெய்த் துணி, பழந்தொப்பி என்று கைக்கெட்டியவற்றையெல்லாம் பிஸ்டனைச் சுற்றி அடைத்துப் பார்த்தார். ஆவி கசிந்துகொண்டேயிருந்தது. கருத்து சரியே, துளைதான் சரியில்லை.

வில்கின்ஸன் அப்பொழுது வேல்ஸ் நாட்டுப் பெர்ஷாமில் பீரங்கி வார்த்து வந்தார். கெட்டியாய் வார்த்த பீரங்கியைச் சுழலவைத்துத் துளைக்கும் முறைக்கு 1774இல் சாசனம் பெற்றார்; 1779இல் அது நீக்கப்பட்டது. 1775இல் அவர் அமைத்த சிலிண்டர்க் கடைசலே அவரைப் பெரியோராக்கிற்று. முன்னைய கருவிகளில் வெட்டலகைத் தாங்கிய தண்டு ஒரு முனையில் மட்டுமே பிடிப்புற்றிருந்தது. மறுமுனை வார்ப்பின் மேடுபள்ளத்தைத் தழுவியே சென்றமையால், துளை பெரிதாயிற்றேயன்றிச் செம்மையாகவில்லை. வில்கின்ஸனோ இருபுறமும் திறந்த சிலிண்டரை அசையாது பிணித்து, கனத்த தண்டொன்றை அதனூடே செலுத்தி, அத்தண்டின் இரு முனைகளையும் தாங்கிகளில் அமர்த்தினார். வெட்டலகு சுழலுந் தண்டின்மீதே மெல்ல நகர்ந்தது. வார்ப்பு எவ்வளவு கோணலாயினும் தண்டு தன் நேர்மையை விடவில்லை. இத்துணை எளிய வழி முன்னோர்க்குத் தோன்றாமற் போனது எமக்கு இன்றும் வியப்பே.

அவ்வாறு கடையப்பட்ட 50 அங்குலக் குறுக்களவுடைய சிலிண்டர் 1776இல் டிப்டனை அடுத்த புளூம்பீல்டு சுரங்கத்தில் நீரிறைத்தது. அத்துணைப் பெரிய வட்டத்தில் பழைய ஷில்லிங் நாணயமொன்றின் கனமளவுகூடப் பிழையில்லை என வாட்டும் அவர் கூட்டாளி போல்டனும் மகிழ்ந்தனர். இன்று மாணவர் பறக்கவிடும் மாதிரி விமானத்தின் சிறு எஞ்சினுக்கோ அந்த அளவு பெரும்பிழையாகும். அதற்கு மில்லிமீட்டரில் ஆயிரத்திற் சில பங்கே கணக்கு. சிலவற்றில் சிலிண்டரின் உள்ளுறையை மேற்புறம் சற்றே குறுகலாய்க் கடைந்து, சூடேறுங்கால் நேராகும்படி அமைக்கின்றனர். எனினும் அவ்வழியில் முதலடி பெர்ஷாமில் வைக்கப்பட்டதே.

அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாட்டின் யந்திரங்களுக்குரிய சிலிண்டர்களிற் பெரும்பாலானவற்றை வில்கின்ஸனே வார்த்தளித்தார். 1787இல் இரும்புப் படகொன்றை ஆற்றில் மிதக்கவிட்டார். தம் உருவம் பொறித்த செப்பு நாணயங்களையும் வெளியிட்டார். ஆயினும் அவரைக் குற்றமற்றவரெனக் கூற நாம் துணியோம். வாட்டுக்குச் சேரவேண்டிய உரிமைப் பணத்தைச் செலுத்தாமல் மறைவாகவும் யந்திரங்கள் செய்து விற்றார். 1790களின் நடுவில் அது வெளிப்பட்டு நட்பு முறிந்தது. வாட்டும் போல்டனும் 1796இல் தமக்கெனச் சோஹோவில் வார்ப்பாலை நிறுவினர். வாட்டின் கனவை மெய்ப்பித்த கையே வாட்டின் பையிலும் புகுந்தது.

வில்கின்ஸன் 1808 ஜூலை 14ஆம் நாள் காலமானார். தம்மை இரும்புப் பெட்டியிலேயே அடக்கஞ் செய்யவேண்டுமென்று முன்னரே பணித்திருந்தார். உடலை வைத்திருந்த மரப்பெட்டி அவ்விரும்புப் பெட்டிக்குள் அடங்காமையால், வேறொன்று வார்க்கும்வரை காத்திருக்க நேர்ந்ததென்று சொல்வர்.